உபகாரம் வேண்டாத அத்தை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் கண்டுபிடித்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம். சாதாரண முட்டாளும் இல்லை. கப்பலேறிச் சென்னைக்குப் போய், கல்லூரியில் படித்து, ரசாயனத்தில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கி வந்த முட்டாள். அந்தப் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டு, கடலுக்கு இக்கரையில் சிகாமட் ஊரில் எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் மாட்டி, அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மேலே எம்.எஸ்ஸி. படிப்பதற்குப் பணம் தானே வந்து கதவைத் தட்டும் என்று காத்திருந்தேன். ஒருநாள் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரர். வாடகைக்கு.

ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம் அது. அப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஆள் குறைப்பில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். சென்னையில் என் பேராசிரியர், ரப்பர் பால் எப்படி உறைகிறது என்று ஆராய்ச்சி செய்ய இரண்டு வருஷத்துக்குத் தம் ஆய்வுக்கூடத்தில் இடம் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். இடம் அவர் பாடு. கப்பல், கல்லூரிச் சம்பளம், சாப்பாடு எல்லாம் என் பாடு. கல்லூரி திறக்கும் நாளில் நான் அங்கே நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

ஆகவே மனு எழுதினேன். எட்டுத் திக்குக்கும் எழுதினேன். அந்த நாளில் படிக்கத் தரும் பணத்துக்கு உபகாரச் சம்பளம் என்று பெயர். அந்தப் பெயரையே பிடிக்காத ஒருவர் தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு வருவார். அவர்தான் மாட்டுக்கார அத்தை.

அவர் எனக்கு உறவு இல்லை. சிகாமட்டில் பால் வாங்கிய அத்தனை பேருக்கும் அவர் அத்தை. சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "எதுக்கு, மனு எழுதவா?" என்றிருப்பார். தலையில் பால் குடம்; அதனாலோ என்னவோ, கழுத்து எப்போதும் கம்பம் நட்டாற்போல நிமிர்ந்தே இருக்கும். குனிந்து நுழைய வேண்டிய வாசல் எதிலும் அவர் நுழைய மாட்டார். தெருவில் நின்றபடி, "கிராணி அண்ணே, பாலு!" என்று ஒரு குரல். உள்ளே இருப்பவர்கள் பாத்திரத்தோடு ஓட வேண்டும். எங்கள் வீட்டு நிலைப்படி தாழ்வானது. நான் ஓடும் அவசரத்தில் தினமும் அதில் முட்டிக்கொள்வேன். பட்டதாரியின் நெற்றியில் ஒரு வீக்கம் அந்த வருஷம் முழுக்க இருந்தது.

அத்தையைப் பற்றி ஊரில் முதலில் சொல்லும் கதை ரோஜாக் கதை. அவருடைய சிவப்புப் பசு ஒன்று தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவுக்குள் புகுந்து, துரைசாணி வளர்த்த ரோஜாச் செடிகளைத் தின்றுவிட்டது. துரை ஆளனுப்பினார். அத்தை போனார். படிக்கட்டுக்குக் கீழே நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று துரையின் சமையல்காரர் அவருக்கு இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார். அத்தை இரகசியம் பேசாதவர்.

"செடிக்கு வெலை சொல்லச் சொல்லுங்க, குடுத்துட்றேன். மாடு தின்னுச்சு, அது மாட்டோட வேலை. மன்னிப்பெல்லாம் நான் பால் குடத்துல வெச்சு விக்கிறதில்ல" என்றவர், பாத்தியை எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் சும்மா தின்னுட்டுப் போகல. சாணி போட்டுட்டுத்தான் வந்திருக்கு. கழிச்சுக்கச் சொல்லுங்க" என்றாராம்.

கேட்பவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டிருக்கிறேன். அன்றோடு பங்களாவில் அவர் பால் நின்றது. துரை வாங்காததால் தோட்டத்து ஆஸ்பத்திரியும் வாங்கவில்லை. அந்த மாதமே ஒரு பசுவை விற்றார். அந்தக் கழுத்து சும்மா நிமிர்ந்து நிற்கவில்லை, தீனி கேட்டது.

நான் மனு எழுதிய இடங்களில் அந்தத் தோட்டத்துக் கம்பெனியும் ஒன்று. மற்ற இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. அரசாங்கத்தில் மட்டும், அந்தப் பணம் என் போன்றவனுக்கானது அல்ல என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியிலிருந்து தடித்த காகிதத்தில் பதில் வந்தது. நான் அதை வாசலிலேயே பிரித்தேன். அத்தை வழக்கம்போலத் தலைக் குடத்துக்குள் குவளையை விட்டுப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னடா, மூஞ்சி திரிஞ்ச பாலாட்டம் ஆவுது?"

"வேலை குடுக்கிறாங்களாம் அத்தே. ஸ்டோர்ல சின்னக் கிராணி."

"நீ வேலையா கேட்ட?"

"இல்ல, படிக்கத்தான் பணம் கேட்டேன்."

"என்னன்னு எழுதுன? படி, கேப்போம்."

நகல் வைத்திருந்தேன். அதன் ஆங்கிலத்தின் மீது எனக்குத் தனிக் காதல். உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழ் சொன்னேன். தங்கள் பாதங்களில் பணிவோடு வைக்கிறேன் என்றேன். தங்கள் கருணைக் கண் ஒருமுறை என் மேல் விழுமானால் என்றேன். கடைசியில், என்றும் தங்கள் மிகத் தாழ்ந்த, மிகக் கீழ்ப்படிந்த வேலைக்காரன் என்று சொல்லிக் கையெழுத்தையும் காட்டினேன்.

அத்தை குடத்தை இறக்கி வைத்தார். அவர் அப்படித் தெருவில் குடத்தை இறக்கி நான் பார்த்ததில்லை.

"வேலைக்காரன்னு நீயே எழுதிட்ட. அவன் படிச்சுப் பாத்தான், சரிதான்னு வேலை குடுத்துட்டான். அவன் மேல என்ன குத்தம்?"

"அது சும்மா ஒரு முறைக்கு எழுதுறது அத்தே. எல்லாரும் எழுதுவாங்க."

"எல்லாரும் எழுதட்டும். நீ என்னா படிக்கப் போற?"

"ரப்பர் பால் ஏன் உறையுதுன்னு ஆராய்ச்சி."

"அது இந்த ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் சோறு போடுற பாலு. அதைத் தெரிஞ்சுக்கப் போறவன் எவன் கால்லயும் விழக் கூடாது. விழுந்தா, நீ கண்டுபிடிக்கிறதும் அவன் கால்லயே கெடக்கும்."

அத்தைக்கு ரசாயனம் தெரியாது. தெரியும் என்று அவர் பாவனை செய்ததும் இல்லை. பள்ளிக்கூடத்து வாசலை அவர் பார்த்தது பால் ஊற்றத்தான். பிறகு வெள்ளத்தின்போது ஒரு தடவை.

அது நான் பட்டத்தோடு ஊர் திரும்பிய மழைக்காலம். சிகாமட் ஆறு வழக்கம்போல ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு அரிசி கொடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் கனவான்கள். முன்னால் நாங்கள், வரிசையாக. அரிசியை வாங்கியதும் ஒரு கும்பிடு போட வேண்டும். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முன்னால் நின்றவன் போட்டான், அவனுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் போட்டோம். அத்தை வரிசையில் வந்தார். மாடுகளை ரயில் பாதை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு, அங்கேயே கறந்த பாலோடு வந்தார். குடத்தை மேசை மேல் வைத்தார்.

"கைப்புள்ளைங்களுக்கு ஊத்துங்க. எனக்கு அரிசி போடுங்க."

"பால் நாங்க கேக்கலையே அம்மா" என்றார் ஒரு கனவான்.

"நானும் சும்மா கேக்கலையே ஐயா."

அரிசியை வாங்கிக்கொண்டு, கழுத்து ஒரு நூல்கூடச் சாயாமல் நடந்து போனார். நான் அவருக்கு அடுத்த ஆள். இரண்டு கும்பிடு போட்டேன், அவர் போடாமல் விட்டதையும் சேர்த்து. கனவான்களுக்குக் கணக்கு இடிக்கக் கூடாதல்லவா?

கம்பெனியும் இல்லை என்றான பிறகு யோங் பெங் என்ற ஊரிலிருந்து ஒரு வழி வந்தது. மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவர், காரில் வந்து இறங்கினார். இரண்டு வருஷத்துச் செலவும் அவருடையது. திரும்பி வந்ததும் அவர் மகளைக் கட்டிக்கொண்டு ஆலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மரம் அறுக்க எம்.எஸ்ஸி. எதற்கு என்று கேட்டேன்.

"பத்திரிகைல மாப்பிள்ளை பேருக்குப் பின்னால போடத்தான்" என்றார். யோசிக்கவே இல்லை மனிதர்.

எனக்குப் பிடித்திருந்தது. பெண்ணை நான் பார்த்ததில்லை; காரைப் பார்த்திருந்தேன். மறுநாள் காலை பாத்திரத்தை நீட்டியபடி அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பொண்ணைக் கேட்டியா?" என்றார்.

"அவங்க அப்பாவே சொல்றாரே அத்தே."

"உன் படிப்புக்கு அந்தப் பொண்ணைச் சம்பளமா வாங்கப் போற. அதுக்கு அது சரின்னுச்சான்னு கேட்டேன்." பாலை ஊற்றாமலேயே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய், இங்க திரும்பு. அந்தப் பக்கம். இப்ப இந்தப் பக்கம்." பிறகு தெருவே கேட்கும்படி, "கிராணி அண்ணே! வெளிய வாங்க! உங்க மவனுக்குக் காது குத்தவே இல்லையா?" என்றார்.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் துரைமாரோடு பழகி நாகரிகம் கற்றவர். "அதெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம்மா. அவன் மாமனும் ஊர்ல இருந்தாரு. அப்புறம் அவன் அம்மாவும் போயிட்டா. விட்டுப் போச்சு" என்றார்.

"தோட்டத்துல எத்தனை கல்யாணத்துக்கு மொய் செஞ்சிருப்பீங்க?"

"கிராணின்னா செய்யாம முடியுமா? கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதையும் விட்டதில்ல."

"உங்க வீட்டுல என்ன விசேஷம் வெச்சீங்க?"

அப்பா யோசித்தார். ஒன்றுமே வைத்ததில்லை. ஒரே பிள்ளை, பெண் குழந்தை இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை.

"அப்ப ஊரே உங்களுக்குத் திருப்பிச் செய்ய முடியாம நிக்குது. நீங்க செஞ்சுகிட்டே இருந்தீங்க, அவங்க செய்றதுக்கு ஒரு வாசல் தொறக்கல. அது அவங்களுக்கு எவ்வளவு கொறைச்சல்னு நெனைச்சீங்களா? இவனுக்குக் காது குத்துங்க."

"அத்தே, எனக்கு இருபத்திமூணு வயசு!" என்று அலறினேன்.

"அதனால என்ன? காது இன்னும் இருக்குல்ல?"

மொய் என்பது தர்மம் இல்லை, கடனும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்று என் வீட்டு விசேஷத்துக்கு நீ செய்வாய். நாளை உன் வீட்டு விசேஷத்துக்கு நான் வந்து செய்வேன். யாரும் யாருக்கும் குனிவதில்லை. ஆனால் விசேஷம் இல்லாமல் மொய் இல்லை. பட்டம் வாங்கிய அறிவாளிக்குத் தோன்றாத இந்த ஒரு வழியில், இடைஞ்சல் என்று பார்த்தால் என் மானம் ஒன்றுதான் இருந்தது. அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

செய்தி பரவியதும் யோங் பெங் முதலாளி மறுபடி காரில் வந்தார். காது குத்தும்போது பிள்ளை மாமன் மடியில் உட்கார வேண்டும். என் சொந்த மாமன் இந்தியாவில் இருக்கிறார். ஆகவே தம் மடியைத் தருவதாகச் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை தெருவிலிருந்தே கேட்டார்.

"முதலாளி, மடி மட்டுமா, மகளும் சேத்தா?"

மாமனாக உட்கார்ந்துவிட்டால் பெண் கொடுக்கும் உரிமையும் வந்துவிடும் அல்லவா? முதலாளி கொஞ்ச நேரம் இருமிவிட்டுக் காரில் ஏறினார்.

யாருக்கும் உரிமை வராத ஒரு மடி வேண்டும் என்று அத்தை தேடிப் பிடித்தது, கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த சீன முதலாளியை; தவ்கே என்று கூப்பிடுவோம். அத்தையிடம் பால் வாங்குபவர், எங்களில் பலருக்குச் சாமான் கொடுப்பவர். வயது அறுபது இருக்கும். ஊதினால் பறந்துவிடும் உடம்பு. நான் அப்போது நல்ல கனம்.

மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்துத் திடலில், ஒரு முகூர்த்த நாள் காலையில் நடந்தது. தோட்டத்திலிருந்து, லயம் என்ற வரிசைக் குடியிருப்பு ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் நடந்தே வந்துவிட்டார்கள். ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் தலை நிறையப் பூ. தலைப்பாகையும் பட்டுத் துண்டுமாக நான் தவ்கே மடியில் உட்கார்ந்தேன்.

"அலமாக்!" என்றார் தவ்கே. "பெராட் லா! கனம் லா! இந்தப் புள்ளை எத்தினி வருசம் சாப்பாடு சாப்புட்டுச்சு?"

"மாமா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன்.

"சீக்கிரம் குத்து ஆசாரி! இல்லாட்டி நான் செத்து லா!"

கூட்டத்தில் ஒரு பெண், "புள்ளைக்குப் பால் புட்டி கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள். ஆசாரி என் வலது காதைப் பிடித்தார். இத்தனை வருஷம் ஆகியும் சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஊசி படுவதற்கு முன்பே நான் கத்திவிட்டேன். பட்ட பிறகு கத்தியது தனி.

மொய் தொடங்கிற்று. அப்பா பழக்கதோஷத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். அத்தை பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். "எழுதுனா தோட்டத்துச் சம்பளச் செக்ரோல் ஆயிடும் அண்ணே. கூவட்டும். நாலு பேரு காதுல விழுந்தா போதும்."

கூத்தில் ராஜா வேஷம் கட்டும் தொழிலாளி ஒருவர் கூவினார். பால்மரம் சீவுகிறவர், புல் வெட்டுகிற பெண், கங்காணி, கோவில் பண்டாரம் என்று ஒவ்வொருவர் பெயரும் முழங்கியது. அரை வெள்ளிக் காசும் கால் வெள்ளிக் காசுமாக விரித்த துணியில் விழுந்தன. சம்பளம் பாதியாகக் குறைந்திருந்த வருஷம் அது. இருந்தாலும் கூவியவுடன் ஒவ்வொருவரும் நிமிர்ந்து சுற்றிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடனைத் தீர்த்தவன் பார்வை அல்ல. அரண்மனைக்குச் சீர் கொண்டுவந்தவன் பார்வை. மாமன் சீராகத் தவ்கே ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் நோட்டும் வைத்தார். "உங்க பேரன் பொறந்து முழு மாசம் ஆனதைக் கொண்டாடுறப்ப கிராணி அண்ணன் முதல் ஆளா வருவாரு" என்றார் அத்தை. "வா, வா, அன்னிக்கு வந்தவங்களுக்கெல்லாம் செவப்பு முட்டை உண்டு" என்றார் தவ்கே, மூச்சு வாங்கிக்கொண்டே.

அப்போதுதான் கார் வந்து நின்றது. பெரிய துரை இறங்கினார். கூட்டம் தானாக எழுந்தது. நானும் மடியிலிருந்து துள்ளி எழுந்து, காதில் இரத்தத்தோடு, "குட் மார்னிங் சார்" என்றேன். தவ்கே மட்டும் சந்தோஷப்பட்டார்.

துரை நல்லவிதமாகவே பேசினார். இத்தனை பேர் லீவு கேட்டதும் என்ன விஷயம் என்று விசாரித்தாராம். கம்பெனிக்கும் ரப்பர் பாலைச் சோதிக்க ஒரு ஆள் தேவையாம். என் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தாராம். இரண்டு வருஷத்துச் செலவு முழுவதையும் கம்பெனி தரும். திரும்பி வந்து பத்து வருஷம் அவர்கள் சொல்லும் சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும். நான் எதைக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனியுடையது. துணியில் கிடந்த சில்லறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதையெல்லாம் இவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே என் வாய் 'எஸ் சார்' என்ற வடிவத்துக்குக் குவிந்துவிட்டது. அத்தை என் தோளைப் பிடித்து அழுத்தி, மறுபடி தவ்கே மடியில் உட்கார வைத்தார். "அயோ!" என்றது மடி.

"தொரைகிட்ட சொல்லு. மொய் செஞ்சவங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க திரும்பப் போவோம், முன்வாசல் வழியா. அவரு பங்களா விசேஷத்துக்கு இவனையும் அவன் அப்பனையும் முன்வாசல் வழியா விடுவாரா, கேளு."

இதை மொழிபெயர்க்க வேண்டியவன் நான். என் படிப்பையே வேண்டாம் என்று சொல்லும் வாக்கியத்தை என் வாயாலேயே சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலப் பணிவையும் கூட்டி, தங்கள் பெருந்தன்மைக்கு இந்த அம்மாள் மிகுந்த நன்றியோடும், தயக்கத்தோடும் என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து" என்றார் அத்தை. "எனக்கு இங்கிலீசு தெரியாது, நீளம் தெரியும். நான் சொன்னது இம்புட்டு இல்ல. சொன்னதை மட்டும் சொல்லு."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகத் தலையசைத்தார். சொன்னேன். சொன்னதை மட்டும் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துரையோடு 'சார்' சேர்க்காமல் பேசினேன், அதுவும் ஒரு கிழவர் மடியில் உட்கார்ந்துகொண்டு.

துரை சிவந்தார். அது வழக்கம் இல்லை என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

"அப்ப இதுவும் எங்க வழக்கம் இல்ல. வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு. மோரு இருக்கு, குடிச்சுட்டுப் போகட்டும்."

துரை மோர் குடிக்கவில்லை. கார் போன புழுதி அடங்கிற்று. பிறகு கூத்துக்கார ராஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூவினார், முன்னைவிட உரக்க.

முடிந்ததும் அப்பா துணியைச் சேர்த்து எண்ணினார். கப்பலுக்கும் முதல் வருஷத்துக்கும் காணும் என்றார். அதற்கு மேல் ஒரு வெள்ளிகூட இல்லை. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு என் இடது காதுப் பக்கம் வந்து குந்தினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எடுத்து வை ஆசாரி" என்றார் அத்தை. "இன்னைக்கு ஒண்ணு போதும்."

நான் கத்திய கத்தலில் மனம் இரங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. முழுச் செலவும் தருகிறேன் என்று வந்த காரை நானே திருப்பி அனுப்பியிருந்தேன். பாதிப் படிப்போடு சென்னையில் நிற்கப் போகிறேன். குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தவரின் பின்னாலேயே போய், "அத்தே, ரெண்டாவது வருஷத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"இன்னொரு காது இருக்குல்ல?" என்றார்.